கழுத்துச் சிரை வழியே கல்லீரலுக்கு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கல்லீரல் நோயாளி ஒருவர் முன்னறிவிப்பு ஏதுமின்றி இரத்த வாந்தி எடுப்பதைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். இரத்தம் கசிவது உணவுக்குழாயில். அதற்கான காரணம் இருப்பதோ கல்லீரலில். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசேர்ப்பது போர்ட்டல் சிரை. சிரோசிஸ் நோயில் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுவதால், அந்த இரத்தம் உள்ளே செல்ல வழியின்றித் தேங்கி, உணவுக்குழாயின் அடியிலுள்ள மெல்லிய சிரைகளுக்குள் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. போர்ட்டல் சிரைக்கும், கல்லீரலிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் கல்லீரல் சிரைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு இயல்பாக 1 முதல் 5 மில்லிமீட்டர் பாதரச அளவே இருக்கும். அது 12-ஐ எட்டிவிட்டால் புடைத்த சிரைகள் வெடிக்கும் அபாயம் உண்டு.

வயிற்றைத் திறக்காமல் இந்த அழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தந்தது, நான் பணியாற்றும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி துறை. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு படங்களைப் பார்த்தபடியே, ஊசித்துளை வழியாக மெல்லிய கம்பியையும் குழாயையும் செலுத்திச் சிகிச்சை அளிப்பது எங்கள் தொழில். 1969-இல், செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்துவந்த யோசெஃப் ரோஷ், விலங்குகளில் கழுத்துச் சிரை வழியே பித்தக்குழாய்களைப் படமெடுக்க முயன்றபோது, ஊசி தற்செயலாகப் போர்ட்டல் சிரைக்குள் நுழைந்தது. பிழை என்று அதை ஒதுக்கிவிடாமல், கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரையையும் கல்லீரல் சிரையையும் இணைத்து ஒரு பாதை அமைக்கலாம் என்று அவர் கண்டுகொண்டார். டிப்ஸ் என்று நாங்கள் அழைக்கும் சிகிச்சையின் தொடக்கம் அதுவே.

ஆனால் யோசனைக்கு ஈடான கருவி அன்று இல்லை. 1982-இல் டொரொன்டோவில் ரொனால்ட் கொலப்பின்டோ மனிதர்களுக்குப் பலூனை விரித்துப் பாதை அமைத்தார். அது நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1988-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் பாதையைத் திறந்தே வைத்திருக்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் பொருத்தப்பட்ட பிறகே பாதை நிலைத்தது. பின்னர் வந்த, உறையிட்ட ஸ்டென்ட்கள் அடைபடுவது வெகுவாகக் குறைந்தது.

  

அழுத்தம் குறைந்தால் இரத்தக்கசிவு நிற்கிறது. ஆனால் கல்லீரல் வடிகட்ட வேண்டிய இரத்தம் வடிகட்டப்படாமலேயே உடலெங்கும் செல்வதால், அம்மோனியா முதலிய நச்சுகள் மூளையை எட்டுகின்றன. இச்சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மறதியோ குழப்பமோ மயக்கமோ ஏற்படுகிறது. உயிரைக் காத்துத் தெளிவைப் பறிப்பது எப்படி வெற்றியாகும்? ஆகவே, பாதையை யாருக்கு அமைப்பது, எப்போது அமைப்பது என்பதே இன்றைய ஆய்வின் மையம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 63 பேர் மட்டுமே. எல்லோரும் மறுபடி இரத்தம் கசியும் அபாயம் மிகுந்தவர்கள். மற்ற வழிகள் தோற்கும்வரை காத்திராமல் 72 மணி நேரத்துக்குள் டிப்ஸ் செய்துகொண்டவர்களில் 86 விழுக்காட்டினரும், மருந்தும் எண்டோஸ்கோப்பியும் பெற்றவர்களில் 61 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தனர். கருவி பழையதுதான்; பயன்படுத்திய நேரம் மாறியது, அவ்வளவே.

பாதையின் அகலமும் அப்படித்தான். 8 மில்லிமீட்டர் போதுமா, 10 வேண்டுமா என்பது சிறு கணக்காகத் தோன்றலாம். குறுகலான பாதை மூளையைக் காக்கக்கூடும், ஆனால் அழுத்தமும் போதிய அளவு இறங்க வேண்டும். அதனால் சிகிச்சைக்கு முன் நான் படங்களோடு நின்றுவிடுவதில்லை. மூளை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறதா என்றறிய, நோயாளி பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கிறாரா, கையெழுத்து கோணுகிறதா, பழகிய வழியில் தடுமாறுகிறாரா என்று வீட்டாரிடம் கேட்கிறேன். அவர்கள் யோசித்துச் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகே, ஊசியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.