அவர் யாரைப் பார்த்து இதைச் சொன்னார்?

வணக்கம் நண்பர்களே. உளவியல் முதலாம் ஆண்டு படிக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஆளுமைக் கோட்பாடுகள், மனித வளர்ச்சிக் கோட்பாடுகள் என்ற இரண்டு பாடத்தையும் பெயர், வருடம், எத்தனை நிலைகள் என்று உருப்போட்டுவிட்டு, பரீட்சை முடிந்த கையோடு மறந்துவிடுகிறவர்கள் நிறைய பேர். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் முழுப் படிப்பிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதனால் ஒரு வழி சொல்கிறேன். எந்தக் கோட்பாட்டைத் திறந்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இதைச் சொன்னவர் யாரைப் பார்த்துச் சொன்னார்?

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்டை எடுத்துக்கொள்வோம். ஆளுமைக்கான அஸ்திவாரம் முதல் ஐந்தாறு வயதுக்குள் போடப்பட்டுவிடுகிறது என்றார். சரி, அவர் குழந்தைகளை உட்கார்ந்து கவனித்தாரா? பெரும்பாலும் இல்லை. வியன்னாவில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த பெரியவர்கள் தங்கள் சிறுவயதைப் பற்றிச் சொன்னதைத்தான் கேட்டார். குதிரையைக் கண்டு பயந்த 'குட்டி ஹான்ஸ்' என்ற சிறுவனைப் பற்றி 1909இல் எழுதினாரே, அதிலும் பெரும்பகுதி அந்தப் பையனின் அப்பா குறிப்பெடுத்து அனுப்பியது. சிகிச்சைக்காக ஃபிராய்ட் பையனை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. அந்த அப்பாவோ ஏற்கெனவே ஃபிராய்டின் வட்டத்தில் இருந்தவர். மகன் என்ன பேசினாலும் எந்தக் கண்ணோடு அதைக் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்காக ஃபிராய்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. நம் மனதில் நடப்பதெல்லாம் நமக்கே தெரிவதில்லை என்ற எண்ணத்தை அவரளவுக்கு அழுத்தமாகச் சொன்னவர் இல்லை, அது இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் ஒரு குழந்தை எப்படி வளர்கிறது என்பதை அவரை மட்டும் நம்பிப் படிக்க முடியாது.

குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த பியாஜே இதற்கு நேர் எதிர். தன்னுடைய மூன்று குழந்தைகளையே பக்கத்தில் இருந்து, பொறுமையாக, பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். ஒரு பொம்மையைக் காட்டுவது, அதன் மேல் துணியைப் போட்டு மூடுவது, குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பது. சுமார் எட்டு மாதத்துக்கு முன்னால் குழந்தை துணியை விலக்கித் தேடுவதில்லை. கண்ணுக்கு மறைந்த பொருள் அதன் மனதிலும் இல்லை என்று முடிவு செய்தார். மூன்றே குழந்தைகள், அதுவும் சொந்தக் குழந்தைகள் என்று குறை சொல்வது சுலபம். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. அந்த அளவு நெருக்கமாக வேறு யாராலும் பார்த்திருக்க முடியாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவர் பார்த்தது குழந்தையின் கையை. தேடுவதற்குக் கை வளைந்து கொடுக்க வேண்டும், துணியை இழுக்கத் தெரிய வேண்டும்.

1985இல் உளவியலாளர் ரெனே பையார்ஜோனும் அவருடன் சேர்ந்தவர்களும் கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தார்கள். ஐந்து மாதக் குழந்தைக்கு முன்னால் மேஜையில் ஒரு பலகை, தூக்குப் பாலம் இறங்குவது போலப் பின்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிரும். குழந்தைக்கு அது பழகிய பிறகு, பலகைக்குப் பின்னால் ஒரு பெட்டியை வைக்கிறார்கள். பலகை எழும்பியதும் பெட்டி மறைந்துவிடும். நியாயமாகப் பார்த்தால் பலகை பெட்டியில் முட்டி நிற்க வேண்டும். ஒரு தடவை அப்படியே நிற்கிறது. இன்னொரு தடவை, யாருக்கும் தெரியாமல் பெட்டியை எடுத்துவிடுவதால், பலகை பெட்டிக்குள் புகுந்து போவது போல முழுக்கச் சாய்ந்துவிடுகிறது. எதிர்பாராதது நடந்தால் குழந்தைகள் அதை அதிக நேரம் பார்க்கும் என்பதுதான் இதில் கணக்கு. அப்படி அவர்கள் அதிக நேரம் பார்த்தது எதைத் தெரியுமா? நடக்கவே முடியாத இந்த இரண்டாவதைத்தான். மறைந்த பெட்டி அங்கே இருக்கிறது என்று ஐந்து மாதத்திலேயே அவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் தெரிந்திருக்கிறது! இதைப் பற்றிய விவாதம் அப்புறமும் ஓயவில்லை. இருந்தாலும், யாரைப் பார்த்தார் என்பதோடு எதைப் பார்த்தார் என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

மாஸ்லோ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன்னிறைவு அடைந்த, அதாவது தங்கள் ஆற்றலை முழுமையாக வெளிக்கொண்டுவந்த மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று எழுத அவர் எடுத்துக்கொண்டது தான் மதித்தவர்களை, லிங்கன், ஐன்ஸ்டீன் போன்றவர்களை. நமக்குப் பிடித்தவர்களை நாமே பொறுக்கி எடுத்தால், வரும் பட்டியலில் நமக்குப் பிடித்த குணங்கள்தானே இருக்கும்?

அடுத்து கோல்பெர்க். ஒழுக்கச் சிந்தனை ஆறு நிலைகளில் வளர்கிறது என்றவர். அவருடைய முதல் ஆய்வில் இருந்தது சிகாகோவைச் சேர்ந்த 72 பேர், 10 முதல் 16 வயது வரை. அத்தனை பேரும் பையன்கள். ஹைன்ஸ் என்பவரின் மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்து வாங்கப் பணம் போதவில்லை, கடைக்காரர் விலையைக் குறைக்க மாட்டேன் என்கிறார். ஹைன்ஸ் அதைத் திருடலாமா? இதுதான் கேள்வி.

1982இல் உளவியலாளர் கரோல் கில்லிகன், இதே கேள்விக்கு ஏமி என்று அவர் பெயர் சூட்டிய 11 வயதுப் பெண் சொன்ன பதிலை முன்வைத்தார். திருடாமலே வேறு வழி இருக்கும், கடன் வாங்கலாம் என்கிறாள் அவள். திருடினால் அவன் சிறைக்குப் போகலாம், மனைவிக்கு நோய் முற்றினால் அப்போது மருந்து கொண்டுவர யார் இருக்கிறார்கள், அதனால் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறாள். கோல்பெர்க்கின் அளவுகோலில் இந்தப் பதிலுக்குக் கிடைப்பது கீழ்நிலை. எனக்கு அந்தப் பதில் முதிர்ச்சியாகத்தான் படுகிறது. நாளைக்கும் அந்த வீட்டில் வாழ்க்கை நடக்க வேண்டுமே என்று யோசிக்கிறாள் அவள். ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பல ஆய்வுகளை ஒன்றாக வைத்து 1984இல் லாரன்ஸ் வாக்கர் பார்த்தபோது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த அளவுகோலில் பெண்கள் கீழே தள்ளப்படுகிறார்கள் என்று கில்லிகன் சொன்ன பகுதி வலுவாக நிற்கவில்லை. யாரை விட்டுவிட்டாய் என்று கில்லிகன் கேட்டது நிற்கிறது.

கடைசியாக ஐம்பெரும் பண்புகள், அதாவது ஒருவரின் ஆளுமையை ஐந்து பண்புகளால் விவரிக்கும் கோட்பாடு. புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை, இணக்கம், உணர்ச்சித் தடுமாற்றம். இன்றைக்கு ஆளுமை ஆய்வில் அதிகம் புழங்குவது இதுதான், எனக்கும் இதன் மேல் மதிப்பு உண்டு. ஒரே ஒருவருடைய ஊகத்தில் பிறந்தது இல்லை இது. 1936இல் ஆல்போர்ட், ஆட்பெர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் சுமார் 18,000 சொற்களைத் திரட்டினார்கள். அந்த வேலையின் தொடர்ச்சியாகப் பல பேர், பல ஆண்டுகள், புள்ளியியல் முறையில் சுருக்கிச் சுருக்கி ஐந்துக்கு வந்தார்கள்.

பிறகு 2013இல் மைக்கேல் கர்வென் குழுவின் ஆய்வு வெளிவந்தது. பொலிவியாவில் வேட்டையும் சிறு விவசாயமும் செய்து வாழும் சிமானே மக்களில் 632 பேரிடம், அவர்கள் மொழிக்கு மாற்றிய கேள்விகளைக் கேட்டிருந்தார்கள். ஐந்து பண்புகள் அங்கே சரியாகப் பிரிந்து வரவில்லை. இரண்டு கொத்துதான் ஓரளவு தெரிந்தது: மற்றவர்களோடு ஒத்துப்போவது ஒன்று, உழைப்பு மற்றொன்று. அவர்களுக்கு ஆளுமை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரிந்த, நகரத்து மக்களை வைத்துக் கட்டிய சட்டகம் அது. அத்தனை பேரும் ஒரே மாதிரி வேலை செய்து, ஒருவரையொருவர் நன்றாக அறிந்து வாழும் சிறு சமூகத்தில் குணங்கள் வேறு விதமாகச் சேர்ந்து வரலாம்.

அடுத்த வீடியோ எரிக்சனைப் பற்றி. தன் கோட்பாட்டுக்காக அவர் அமெரிக்காவின் சூ, யூரோக் பழங்குடிக் குழந்தைகள் வளரும் விதத்தையும் நேரில் போய்ப் பார்த்தவர். மனித வளர்ச்சிக்கு அவர் சொன்ன எட்டு நிலைகளையும் ஒரு தடவை வாசித்துவிட்டு வாருங்கள், அவரிடமும் இதே கேள்வியைக் கேட்போம்.