கான்டால்ஃபும் ஸ்பைடர்மேனும் என் மேசையும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

“ஏதாவது ஒரு பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுங்கோ. வீட்டுத்தோட்டம் மட்டும் வேண்டாம், போன மாதந்தான் ஒருவர் வந்து பேசினவர்” என்று சொல்லித்தான் என்னை இங்கே அழைத்தார்கள். நல்லது. நான் பேசப்போவது கடதாசி விளையாட்டைப் பற்றி. உடனே உங்களில் பாதிப்பேர் முந்நூற்று நாலு என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை. ஆனால் முந்நூற்று நாலு தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது கெதியாக விளங்கும்.

முந்நூற்று நாலில் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20. அந்த ஜாக்கின் முகம் எப்படி இருந்தால் என்ன? விமானத்தில் சும்மா கொடுத்த கட்டாக இருக்கலாம், சாராயக் கொம்பனி விளம்பரத்துக்கு அடித்த கட்டாக இருக்கலாம். துரும்பு துரும்புதான். நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஸ்காபரோவில் விளையாடிவரும் மேஜிக் த கேதரிங் அப்படியல்ல. அங்கே படம், பெயர், கதை, ஆட்டம் நாலும் பிரிக்க முடியாதவை. அதற்குள் இப்போது ஸ்பைடர்மேனும், லோர்ட் ஒவ் த ரிங்ஸ் கதையின் மந்திரவாதி கான்டால்ஃபும் வந்துவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷமும் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது. எதற்குச் சந்தோஷம், எதற்கு எரிச்சல் என்று பிரித்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆசிரியர் உருவாக்கி, 1993-இல் வெளிவந்த ஆட்டம் இது. அட்டைகளைப் பக்கற்றாக வாங்கி, சேர்த்து, மாற்றி, உங்களுக்கென்று டெக் எனும் ஒரு கட்டு அமைத்து, இன்னொருவரோடு மோத வேண்டும். நில அட்டைகளிலிருந்து மானா எனும் சக்தி கிடைக்கும். அதைச் செலவழித்து மந்திரம் போடலாம், விலங்குகளை இறக்கலாம். இன்றைக்கு இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு அட்டைகள் இருக்கின்றன. வெளியிடுவது விஸர்ட்ஸ் ஒவ் த கோஸ்ட். 1999-இல் அதை ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டது.

என் வயதுக்காரர் பலர், “வெளியாட்களைக் கொண்டுவந்து எங்கட உலகத்தைப் பழுதாக்கிப்போட்டாங்கள்” என்கிறார்கள். இந்தப் புலம்பலை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. இந்த ஆட்டத்தின் முதல் கூடுதல் தொகுப்பு எது தெரியுமா? 1993 டிசம்பரில் வந்த அரேபியன் நைட்ஸ். அலாதீன், அலிபாபா, சிந்துபாத், பறக்கும் கம்பளம், எல்லாம் ஆயிரத்தொரு இரவுக் கதைகளிலிருந்து அப்படியே தூக்கியவை. 1999-இல் சீனத்து மூன்று இராச்சியக் கதையை வைத்து இன்னொரு தொகுப்பு வந்தது. ஆகவே மேஜிக் தன் சொந்தக் கதை மட்டுமே பேசிய பொற்காலம் ஒன்று இருந்ததென்று என்னிடம் சொல்லாதீர்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அலாதீனுக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை. நாளைக்கு அந்த அட்டையை மறுபடி அச்சிட வேண்டுமென்றால் யாரையும் கேட்கத் தேவையில்லை. ஸ்பைடர்மேன் அப்படியல்ல. பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்கும், அதற்கு ஒரு முடிவுத் தேதி இருக்கும், கையெழுத்துப் போட வேறொரு கொம்பனி இருக்கும். விளையாடுகிறவனுக்கு அது எப்போது வலிக்குமென்றால், டெக்குக்குத் தேவையான ஓர் அட்டை அந்த ஒப்பந்தத்துக்குள் மாட்டிக்கொள்ளும்போது.

2020-இல் வலிக்காத விதமும் வலிக்கும் விதமும் ஒரே ஆண்டில் நடந்தன. வசந்த காலத்தில் இக்கோரியா என்ற தொகுப்பு வந்தது. இராட்சத மிருகங்கள் உலாவும் உலகம். அதிலுள்ள சில மிருகங்களுக்கு கொட்ஸில்லா படங்களின் பெயரும் படமும் போட்டு இன்னொரு வடிவமும் அச்சிட்டார்கள். மேலே பெரிய எழுத்தில் கொட்ஸில்லா, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அந்த அட்டையின் உண்மையான மேஜிக் பெயர். விரும்பினவன் கொட்ஸில்லாவை வைத்திருக்கலாம், விரும்பாதவன் சாதாரண அட்டையோடு இருக்கலாம். விதி ஒன்றே, பலம் ஒன்றே. (அதில் ஓர் அட்டைக்கு “டெத் கொரோனா” என்ற பெயர் ஏற்கனவே அச்சாகிவிட்டிருந்தது. உலகமே கொரோனாவில் முடங்கிக்கிடந்த நேரம். பிறகு அவசர அவசரமாகப் பெயரை மாற்றினார்கள். அச்சுத் தொழிலில் விதி இப்படியும் விளையாடும்.) இதைவிட ஒழுங்காக ஒரு கூட்டு வெளியீட்டைச் செய்ய முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அதே ஆண்டு ஒக்டோபரில் த வோக்கிங் டெட் வந்தது. தொலைக்காட்சித் தொடரின் ரிக், மிஷோன், டாரில், நீகன் எல்லோரும் அட்டையாக வந்தார்கள். அமெரிக்கக் காசில் 50 டொலர், ஒரு வாரம் மட்டும், இணையத்தில் நேரடி விற்பனை. இவர்கள் பழைய அட்டைகளின் புது முகங்கள் அல்லர். முன்பு எங்கேயும் இல்லாத, விதியே புதிதான அட்டைகள். அந்த வாரத்தைத் தவறவிட்டவனுக்கு ஆட்டத்தின் ஒரு துண்டு கைநழுவிப் போயிற்று. கூச்சல் எழுந்தது. பின்னர் ரிக்கின் அதே விதியை கிரேமண்ட் என்ற மேஜிக் உலகத்துப் பாத்திரத்தின் பெயரில் வெளியிட்டார்கள். முதலே அப்படிச் செய்திருக்கலாமே என்றுதான் இன்றும் கேட்கத் தோன்றுகிறது.

இருக்கிற அட்டைக்குப் புதுப் படம் போடுங்கள், ஆயிரம் போடுங்கள், எனக்குச் சந்தோஷம். ஆட்டத்துக்கு வேண்டிய அட்டையை வேறொருவரின் முத்திரைக்குள் மட்டும் அடைத்து வைத்தால் எனக்குக் கோபம் வரும். என் மனக்கலக்கம் முழுவதையும் இந்தக் கோட்டால் பிரித்துவிடலாம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். 2023 ஜூனில் லோர்ட் ஒவ் த ரிங்ஸ் தொகுப்பு வந்து அந்தக் கோட்டை அழித்துவிட்டது.

ஏனென்றால் அது அவ்வளவு நன்றாக இருந்தது. நில அட்டைகளைப் பழைய வரைபடம் போலவே, மையால் கீறிய மலையும் காடுமாக வரைந்திருந்தார்கள். சில அட்டைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் கதையில் வரும் பெலெனோர் போர்க்களம் ஒரே ஓவியமாக விரியும். கதையின் நடுவில் ஒரு மோதிரம் இருக்கிறது. அணிந்தவன் மறைந்துவிடுவான், ஆனால் அது அவனை மெல்ல மெல்லத் தின்னும். அந்த மோதிரந்தான் த ஒன் ரிங் என்ற அட்டை. அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நாலு மானா கொடுத்து அதை மேசையில் வைத்தால், உங்கள் அடுத்த முறை வரும்வரை எவராலும் உங்களைத் தொட முடியாது. மோதிரத்தை அணிந்து மறைந்துவிட்டீர்கள். பிறகு அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் ஒரு சுமை ஏறும். எத்தனை சுமையோ அத்தனை அட்டை எடுக்கலாம். முதலில் ஒன்று, அடுத்து இரண்டு, அடுத்து மூன்று. ஆசை கூடிக்கொண்டே போகும். அதே சுமை ஒவ்வொன்றும் உங்கள் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் உங்கள் உயிர்ப்புள்ளியில் ஒன்றைக் குறைக்கும். புத்தகம் முழுவதும் சொல்வதை நாலைந்து வரி விதிக்குள் அடக்கியிருக்கிறார்கள். கடன் வாங்கிய கதை என்று எப்படி இதைத் தள்ளிவைப்பது?

ஆனால் போட்டிக்காரர் கெட்டிக்காரர். இரண்டாவது மோதிரத்தை இறக்கி, பழையதைக் கழித்துவிட்டால் ஏறிய சுமையும் போய்விடும், பாதுகாப்பும் புதிதாகக் கிடைக்கும். பெயர் என்னவோ ஒரே மோதிரம். டெக்கில் பார்த்தால் நாலு! மொடேர்ன் என்ற போட்டி முறையில் எந்த மேசையைப் பார்த்தாலும் அதுதான் கிடந்தது. கடைசியில் 2024 டிசம்பரில் அங்கே தடை செய்தார்கள்.

அதே தொகுப்பில் இன்னொரு கூத்தும் நடந்தது. கதையில் தீயவனின் நாடான மோர்டோரின் மொழியிலே, எல்வ் இனத்தாரின் எழுத்திலே அச்சிட்ட ஒன் ரிங் ஒன்றே ஒன்று, உலகம் முழுவதற்கும் ஒன்று, ஏதோ ஒரு பக்கற்றுக்குள் போட்டு அனுப்பினார்கள். அது வந்து விழுந்தது எங்கட ரொறன்ரோ பக்கத்தில்! பாடகர் போஸ்ட் மலோன் அதை வாங்கினார். விலை இருபது லட்சம் அமெரிக்க டொலர் என்று செய்திகள் வந்தன. அந்தக் கிழமை என்னோடு வேலை செய்கிறவர்கள், சொந்தக்காரர், வாழ்நாளில் ஒரு பக்கற் உடைத்திராதவர்கள்கூட, “உம்மட்டயும் அப்படி ஏதும் இருக்கோ?” என்று கேட்டார்கள். எங்கள் பெரியவர் ஒருவர் மட்டும், “ஒரு கடதாசிக்கோ?” என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசவில்லை. ஆட்டம் தெரியாதவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அந்த மோதிரத்தின் விதி, கடையில் கிடைத்த சாதாரண மோதிரத்தின் விதிதான். ஆட்டத்தில் ஒரு மயிரளவும் வித்தியாசமில்லை. என் கோட்டின்படி இது எனக்குச் சந்தோஷம் தர வேண்டிய வகை. தரவில்லை. அந்த நாட்களில் மனிசர் பக்கற்றைப் பரிசுச்சீட்டுப் போலச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள், விளையாட எவரையும் பிடிக்க முடியவில்லை.

இனி சிறப்புப் படங்களுக்கு வருகிறேன். 2019 டிசம்பரில் சீக்ரட் லேர் என்ற பெயரில் நாலைந்து அட்டைகளைப் புதுப் படத்தோடு சின்னக் கட்டாக விற்கத் தொடங்கினார்கள். என்னிடம் பொப் ரொஸ் நிலங்கள் இருக்கின்றன. தொலைக்காட்சியில் தலை நிறையச் சுருள்முடியோடு நின்று, அரை மணித்தியாலத்தில் மலையும் மரமும் தீட்டிக் காட்டுவாரே, அவருடைய ஓவியங்களை அப்படியே மலை, காடு, தீவு என்று நில அட்டைகளில் போட்டார்கள். நிலம் எந்த டெக்கிலும் இருக்க வேண்டிய, எவரும் திரும்பிப் பாராத அட்டை. அதற்கு அவர் படம் போட வேண்டும் என்று யோசித்தவருக்கு என் வணக்கம். கனடாவுக்குப் புதிதாக வந்த காலத்தில் ஆங்கிலம் விளங்காமலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் எத்தனை!

ஆனால் ஃபொயில் அட்டையை மட்டும் கேட்காதீர்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டிருக்கும். அட்டையின் ஒரு பக்கம் மினுக்கத் தகடு, மறுபக்கம் கடதாசி. கடதாசி ஈரத்துக்கு விரிந்து சுருங்கும், தகடு அசையாது. மேசையில் வைத்தால் அட்டை வளைந்து நிற்கும். எதிரே இருப்பவனுக்கு, கட்டின் எந்த இடத்தில் உங்கள் ஃபொயில் இருக்கிறதென்று பக்கவாட்டில் பார்த்தே தெரியும். போட்டியில் அது வில்லங்கம்.

அதைவிடப் பெரிய தொல்லை மேசையை வாசிக்க முடியாமல் போவது. நாங்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் விளையாடுவது கொமாண்டர் முறை. வழக்கமாக நாலு பேர், ஆளுக்கு 100 அட்டை, 40 உயிர். பழகினவன் அட்டையின் எழுத்தை வாசிப்பதில்லை. மேசையின் அந்தக் கரையில் தலைகீழாகக் கிடந்தாலும் படத்தின் நிறத்தைப் பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவான். இப்போது ஒவ்வொருவனும் சிறப்புப் பதிப்பு கொண்டுவருகிறான். ஒன்றில் படம் அட்டை முழுக்கப் பரவி எழுத்தே தெரியாது. இன்னொன்று ஜப்பானிய மொழியில். மற்றது காட்டூன். “அதென்ன மச்சான்?” “இது சோல் ரிங்.” “அது?” “அதுவும் எனக்குத் தெரியேல்லை, பொறு, போனில பாக்கிறன்.” சொந்த அட்டையையே போனில் பார்த்து விளையாடும் நிலைமை.

அழகை நான் குறை சொல்லவில்லை. 2019-இல் ஜப்பானியப் பக்கற்றுகளில் மட்டும் யொஷிடாகா அமானோ என்ற ஓவியர் வரைந்த, லிலியானா என்ற மேஜிக் பாத்திரத்தின் அட்டை வந்தது. உடம்பு எது, துணி எது, புகை எது என்று தெரியாத கோடு. ஃபைனல் ஃபன்டசி என்ற வீடியோ விளையாட்டுகளுக்கு முதலிலிருந்தே வரைந்தவர் அவர். 2025 ஜூனில் அதே ஃபைனல் ஃபன்டசி மேஜிக் தொகுப்பாக வந்தபோது, ஒரே நாளில் இருபது கோடி டொலர் விற்பனை என்று ஹாஸ்ப்ரோ அறிவித்தது. லோர்ட் ஒவ் த ரிங்ஸ் அந்தத் தொகையைத் தொட ஏறக்குறைய ஆறு மாதம் எடுத்தது. இந்தக் கணக்கைப் பார்த்த எந்தக் கொம்பனி நிறுத்தும்? அந்த ஆண்டு ஸ்டான்டர்ட் என்ற போட்டி முறைக்கு வந்த ஆறு தொகுப்பில் மூன்று வெளியுலகக் கதைகள்: ஃபைனல் ஃபன்டசி, ஸ்பைடர்மேன், காட்டூன் தொடரான அவதார். இந்த மூன்றிலும் ஸ்பைடர்மேன் தான் வேடிக்கை. மேஜிக்கின் கணினி வடிவத்துக்கு உரிமை இல்லாதபடியால், அங்கே அதே அட்டைகளுக்கு வேறு பெயரும் வேறு படமும் போட்டார்கள். அப்படியானால் ஒரே விதிக்கு இரண்டு முகம் கொடுக்க அவர்களால் முடியும். கடதாசியிலும் அதைச் செய்யுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

என் தங்கச்சியின் மகள் இந்த ஆட்டத்துக்கு வந்தது ஃபைனல் ஃபன்டசியால்தான். அதற்கு முன் நான் எத்தனை தரம் கூப்பிட்டும் வராதவள், தனக்குப் பிடித்த பாத்திரம் அட்டையில் வந்ததும் தானாகவே வந்து உட்கார்ந்தாள். இதை வைத்துக்கொண்டு நான் எப்படி வெளியாட்களை வெறுப்பது? வந்தவள் என் பழைய பெட்டிகளைக் கிளறி, சான்ட்ரா என்ற நெருப்புப் பெண்ணைக் கண்டுபிடித்திருக்கிறாள். சான்ட்ராவின் ஊர், இந்திய உடையும் கட்டடக்கலையும் பார்த்து உருவாக்கி, 2016-இல் தொகுப்பாக வந்த கலாதேஷ் என்ற உலகம். இப்போது அதற்கு அவிஷ்கார் என்று பெயர். “மாமா, இவ எந்தப் படத்தில வாறா?” என்று கேட்டாள். எந்தப் படத்திலும் இல்லை, இவள் எங்கட ஆள் என்றேன். அவளுக்கு இப்போது சான்ட்ரா டெக் வேண்டுமாம். வேண்டிய அட்டைகளில் பாதி என்னிடமே இருக்கின்றன. மிச்சத்தைக் கடையில் விசாரித்தேன். அனேகமானவை ஒன்று ஐம்பது சதம், ஒரு டொலர், அதுவும் கவுண்டருக்குக் கீழே பெட்டியில் தேடி எடுக்க வேண்டும். அடுத்த கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நன்றி. வணக்கம்.