முகம் கோணாமல் செய்வது

நேயர்களுக்கு வணக்கம்.

பார்வையற்ற இசைக்கலைஞர் ஒருவர் பழைய சீனத்து ஞானி கன்பூசியஸைப் பார்க்க வருகிறார். அவர் பெயர் மியன். படிக்கட்டை நெருங்கியதும் கன்பூசியஸ், "படி வந்துவிட்டது" என்கிறார். பாய் விரித்த இடத்துக்கு வந்ததும், "பாய் இதோ" என்கிறார். எல்லாரும் உட்கார்ந்தபின், "இன்னார் இங்கே இருக்கிறார், இன்னார் அங்கே இருக்கிறார்" என்று சொல்லிவைக்கிறார். மியன் புறப்பட்டுப் போனதும் ஸிஜாங் என்ற சீடர் கேட்கிறார்: "இசைக்கலைஞரோடு பேசும் முறை இதுதானா?" "ஆமாம். அவருக்குத் துணை நிற்கும் முறை இதுதான்." கதை அவ்வளவுதான்.

படியையும் பாயையும் யாரும் சொல்லிவிடுவார்கள். வந்தவர் தடுக்கி விழக்கூடாதே! எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவது காரியம். கண்ணுள்ளவன் ஒரு கூடத்துக்குள் நுழைந்ததுமே யார் யார் இருக்கிறார்கள், யார் முன்னால் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று ஒரு பார்வையில் எடைபோட்டுவிடுகிறான். மியனுக்கு அது முடியாது. யாரும் சொல்லாவிட்டால் வாய் திறக்கவே தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சபையில் மற்றவர்களுக்குச் சமமாக உட்காரும் வசதியை அந்த ஒரு வாக்கியம் அவருக்குச் செய்து கொடுக்கிறது. அதற்குப் பைசா செலவில்லை. ஆனால் எதிரே இருப்பவருக்கு என்ன தெரியவில்லை என்று யோசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கன்பூசியஸ் கி.மு. 551இல் லூ என்ற சிற்றரசில் பிறந்தவர் என்பது மரபு. இன்றைய சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் இருக்கும் சூஃபூ நகரம் அவருடைய ஊர். கி.மு. 479இல் மறைந்தார். அவர் பேச்சையும் நடத்தையையும் அவருக்குப் பின்வந்தவர்கள் திரட்டி வைத்த நூலின் பெயர் லுன்யூ. அதில் 20 பகுதிகள். பெரிய பெரிய தத்துவங்களை எதிர்பார்த்துப் போகிறவர்களைப் பத்தாம் பகுதி ஏமாற்றிவிடும். சாப்பிடும்போது பேசமாட்டார், பாய் கோணலாகக் கிடந்தால் உட்காரமாட்டார், ஊர் விருந்தில் கைத்தடி ஊன்றிய முதியவர்கள் எழுந்து போனபிறகுதான் தானும் எழுவார் என்று வீட்டு ஆள் கிட்டே இருந்து பார்த்து எழுதியதுபோலப் போகிறது. ஒருநாள் லாயம் தீப்பிடித்து எரிந்துவிட்டது. அரண்மனையிலிருந்து திரும்பியவர், "யாருக்காவது அடிபட்டதா?" என்று கேட்டார். குதிரைகளைப் பற்றிக் கேட்கவில்லை. குதிரை விலை உயர்ந்த சொத்து. லாயத்தில் வேலை பார்ப்பவனோ ஏவலாள். கேள்வி யாரைப் பற்றி வந்தது என்பதைத்தான் சீடர்கள் குறித்து வைத்தார்கள்.

பெற்றோரைப் பேணுவது எப்படி என்று பலர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொன்னார். ஸியோ என்ற சீடருக்குச் சொன்னது கொஞ்சம் சுடும்: "இந்தக் காலத்தில் சோறு போட்டாலே பேணியதாகச் சொல்கிறார்கள். நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம். மரியாதை இல்லையென்றால் என்ன வித்தியாசம்?" ஸிஷியா என்ற சீடருக்கு இன்னும் சுருக்கமான பதில்: கடினமானது முகபாவம்தான். வேலை இருந்தால் இளையவர்கள் செய்கிறார்கள், நல்ல சாப்பாடு இருந்தால் பெரியவர்களுக்கு முதலில் வைக்கிறார்கள். இது மட்டும் போதுமா என்று கேட்கிறார். மருந்து வாங்கிக் கொடுக்கிறோம், மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம், ஆனால் அப்பா அதே கேள்வியை மூன்றாம் தடவை கேட்கும்போது முகம் என்ன ஆகிறது? அதைத்தான் சொல்கிறார்.

இதைச் சட்டத்தால் செய்துவிட முடியுமா என்று நம் காலத்தில் முயன்று பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. தங்களைத் தாங்களே பராமரித்துக்கொள்ள முடியாத, 60 வயது கடந்த பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் ஒரே சட்டம். சீனாவில் 2013 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், தனியே வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்றது. இரண்டுமே தேவையான சட்டங்கள்தான். பட்டினி கிடக்கும் தாய்க்கு முதலில் சோறு வேண்டும். ஆனால் ஸியோவுக்குச் சொன்ன பதிலோடு வைத்துப் பாருங்கள். நீதிமன்றத்தால் வாங்கித் தர முடிந்தது அந்தத் தீனி வரைக்கும்தான்.

கன்பூசியஸைச் சடங்குக்காரர் என்று சிலர் ஒதுக்குவார்கள். அது சரியில்லை. சடங்குக்குச் சணல் தொப்பி அணிவது பழைய முறை. அதை நெய்ய உழைப்பு அதிகம். ஜனங்கள் செலவு குறைவென்று பட்டுக்கு மாறினார்கள். "சிக்கனம்தானே, நானும் ஊரோடு போகிறேன்" என்றார். ஆனால் அரசனைக் கூடத்துக்குக் கீழே நின்று வணங்காமல் மேலே ஏறிவந்து வணங்கும் புதுப்பழக்கத்தை ஏற்கவில்லை. அதில் அகந்தை இருக்கிறது என்றார்.

எனக்கு அவரோடு ஒத்துப்போகாத இடமும் உண்டு. ஷெ என்ற பகுதியின் பிரபு ஒருவர் பெருமையாகச் சொல்கிறார்: "எங்கள் ஊரில் நேர்மையான ஒருவன் இருக்கிறான். அவன் அப்பா ஆடு திருடியபோது அவனே சாட்சி சொன்னான்." கன்பூசியஸின் பதில்: "எங்கள் ஊர் நேர்மை வேறு. அப்பா மகனை மறைப்பார், மகன் அப்பாவை மறைப்பான். நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது." பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுப்பவன் நாளைக்கு யாரைத்தான் விட்டுவைப்பான் என்ற கவலை எனக்குப் புரிகிறது. பிற்காலச் சீன அரசுகள் உறவினர் குற்றத்தை மறைப்பதற்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தன. 2012இல் திருத்திய சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், குற்றம் சாட்டப்பட்டவரின் கணவனையோ மனைவியையோ, பெற்றோரையோ பிள்ளைகளையோ சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குக் கட்டாயப்படுத்தி வரவழைக்கக்கூடாது என்கிறது. எல்லாம் சரி. ஆனால் லாயம் எரிந்தபோது ஆளுக்கு அடிபட்டதா என்று கேட்டவர், இங்கே ஆட்டைப் பறிகொடுத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரபுவும் கேட்கவில்லை.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.