கல் வீடு எப்படி எரிந்தது: நியூரம்பெர்க்கின் பெல்லர் மாளிகை

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில், எகிடியன் சதுக்கத்தில் 1602 முதல் 1605 வரை எழுந்தது பெல்லர் மாளிகை. கட்டச் சொன்னவர் வணிகர் மார்ட்டின் பெல்லர். கட்டியவர் கல்தச்சர் மூத்த யாக்கோப் வோல்ஃப்.

அந்த ஊர் வீடுகள் பெரும்பாலும் கூரைச் சரிவைத்தான் தெருவுக்குக் காட்டும். பெல்லர் முகட்டைத் திருப்பிப் போட்டார். சதுக்கத்தைப் பார்த்து உயர்ந்த முக்கோணச் சுவர் நின்றது. அதில் இத்தாலியப் பாணித் தூண்கள், ரோமானியக் கடவுள் ஜூபிடரின் சிலை. பணக்காரரின் பகட்டுதான், சந்தேகமில்லை. பின்முற்றம் எனக்கு இன்னும் பிடிக்கும். அடுக்கடுக்கான தாழ்வாரங்களில் அரைவட்ட வளைவுகள் அன்றைய புதுப் பாணி. கைப்பிடிச் சுவரில் துளைத்துச் செதுக்கிய கல் சல்லடை வேலை மட்டும் பழைய கோதிக், அதாவது இடைக்கால ஐரோப்பியப் பாணி.

1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் மாளிகை எரிந்தது. கல் வீடு எப்படி எரியும்? சுவர்தான் மணற்கல், தளமும் கூரையும் மரம். உத்திரங்கள் எரிந்து விழுந்தால் சுவரைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. உயரமான முக்கோணச் சுவருக்கு அது எமன். மணற்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரி செல்சியஸில் சட்டென விரியும். கல்லின் முகம் பாளம் பாளமாகப் பெயரும். தரைத்தளக் கூடம் மிஞ்சியது. அதன் மேல்மூடி கல் வளைவு.

மாடியில் 'அழகிய அறை' என்று பெயர் பெற்ற அறை இருந்தது. அதன் சுவரை மூடியிருந்தது சட்டம் போட்டுப் பொருத்திய பலகை வேலை. பொருத்தியதைக் கழற்றலாம். போர்க்காலத்தில் கழற்றிப் பத்திரப்படுத்தியதால் தப்பியது. இன்று அதே ஊரின் ஃபெம்போ மாளிகை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

முற்றத்தைப் 'பழைய நகர நண்பர்கள்' சங்கம் நன்கொடை திரட்டி, 2008 முதல் 2018 வரை மீட்டுக் கட்டியது. மிஞ்சிய கற்கள் புதுக் கற்களோடு சேர்ந்தன. இப்படிப்பட்ட வேலையில் கலவைதான் வம்பு. சிமெண்ட் அதிகமானால் கலவை கல்லைவிடக் கெட்டியாகிவிடும். ஈரம் கல் வழியாகத்தான் வெளியேறும், உப்பு அதன் முகத்தை அரிக்கும். சுண்ணாம்புக் கலவையே பாந்தம்.

தெரு முகப்பு மட்டும் திரும்பவில்லை. அங்கே 1950களில் ஃபிரிட்ஸ் மாயர், வால்டர் மாயர் நூலகத்துக்காகக் கட்டிய கட்டடம் நிற்கிறது. அதை எடுத்துவிட்டுப் பழைய முகப்பைக் கட்டலாம் என்பாரும் உண்டு. ஆனால் அந்தக் கட்டடமும் இப்போது சட்டப் பாதுகாப்புப் பெற்ற நினைவுச் சின்னம்.