எந்த மரச்சிற்பம் எந்த ஊரில் விலைபோகிறது

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

உளிபிடிக்கப் பழகிய இளைஞர்கள் மூத்த தச்சர்களிடம் வழக்கமாகக் கேட்பது, எதைச் செதுக்கினால் விற்கும் என்பதுதான். வாங்குபவர் எந்த ஊர்க்காரர், வாங்கிய பொருளை வீட்டில் எந்த இடத்தில் வைப்பார், அதை எப்படிச் சுமந்து செல்வார் என்பவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இதற்கு விடை கூற இயலாது.

தமிழ்நாட்டில் மரச்சிற்பத்தின் பெரும்பகுதி வழிபாட்டுக்காகவே வாங்கப்படுகிறது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர், சேலம் மாவட்டத்து தம்மம்பட்டி, கள்ளக்குறிச்சி ஆகிய மூன்று ஊர்களும் இதற்குப் பெயர்பெற்றவை. அரும்பாவூர்ச் சிற்பம் 2020-ஆம் ஆண்டிலும், கள்ளக்குறிச்சிச் சிற்பம் அதற்கடுத்த ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. பிள்ளையார், முருகன், லட்சுமி, தசாவதாரப் பலகை, கோயில் வாகனம் ஆகியவையே இந்த ஊர்களின் நிலையான சரக்கு. அரும்பாவூர்ச் சிற்பிகள் ஒட்டுவேலை இல்லாமல் ஒரே மரத்துண்டில் உருவம் முழுவதையும் எடுக்கிறார்கள் என்பதால், சாமி உருவத்தில் இணைப்பு இருக்கக் கூடாது என்று கருதும் குடும்பங்கள் கூடுதல் விலை கொடுத்தும் அதை வாங்குகின்றன. நவராத்திரிக்கு முந்திய வாரங்களில் சென்னையில் கொலுவுக்கான மரப்பாச்சியும் சிறு உருவங்களும் விற்பதைப் போல ஆண்டின் வேறு எந்தக் காலத்திலும் விற்பதில்லை. வாகனங்களின் கதை வேறு. அவை கோயில்காரர்கள் முன்பணம் கொடுத்துச் செய்விப்பவை.

கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டினால் சந்தை மாறிவிடும். கேரளத்தில் ஈட்டி மரத்து யானைக்கு ஈடான சரக்கு வேறில்லை. கதகளி முகமும் சுண்டன் வள்ளம் எனப்படும் பாம்புப் படகின் சிறு வடிவமும் அதற்கு அடுத்த நிலையில் நிற்கின்றன. இவை பூசை அறைக்கு உரியவை அல்ல, வரவேற்பறைக்கு உரியவை. திருவனந்தபுரம் கடைகளில் வெளிநாட்டுப் பயணி யானையைக் கையிலெடுத்துப் பார்க்கும்போது அவர் கேரளத்தையே விலை கேட்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஆந்திரத்துக் கொண்டபள்ளியிலும் ஏட்டிகொப்பாகாவிலும், கர்நாடகத்துச் சென்னபட்டணாவிலும் மிகுதியாக விற்பவை எடை குறைந்த வண்ணப் பொம்மைகள். கொண்டபள்ளிக்காரர்கள் பயன்படுத்துவது அவர்கள் தெல்ல பொனிக்கி என்று சொல்லும் மென்மரம். மற்ற இரண்டு ஊர்களிலும் வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழற்றி, அரக்கு வண்ணத்தை உருக்கி ஏற்றுகிறார்கள். விலை குறைவு, குழந்தையின் கைக்கு அடக்கம் என்ற இரண்டு காரணங்களால் இவற்றுக்கு எல்லா மாநிலங்களிலும் வாங்குவோர் உண்டு.

வடக்கே பார்த்தால், உத்தரப்பிரதேசத்துச் சகாரன்பூரில் சீசம் மரத்தில் கொடிவேலையும் சல்லடை வேலையும் செய்த பெட்டி, தட்டு, மடக்குத் தட்டி ஆகியவை செய்யப்படுகின்றன. காசுமீரத்தில் வால்நட் மரத்தில் சினார் இலையும் தாமரையும் செதுக்கிய தட்டுகளும் மேசைகளும் கிடைக்கின்றன. இவை அன்றாடம் புழங்கும் பொருள்கள் என்பதால் சமயமும் மொழியும் குறுக்கே நிற்காமல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றன. ஏற்றுமதியை நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஈட்டியும் சீசமும் அடங்கிய மரவகை முழுவதும் 2017 சனவரி முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2019-இல் 10 கிலோவுக்கு உட்பட்ட பொருள்களுக்குத் தளர்வு கிடைத்தது. ஆகவே சிறிய பெட்டியை அனுப்புவதும் பெரிய ஈட்டி யானையை அனுப்புவதும் தாள்வேலையில் ஒன்றல்ல.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் இரண்டை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சுவீடனின் டாலர்னா பகுதியில் உழவர்கள் குளிர்கால ஓய்வில் செதுக்கிய சிவப்பு வண்ண மரக்குதிரை, 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் அந்நாட்டு அரங்கின் முன் பெரிய அளவில் நிறுத்தப்பட்ட பிறகு, அந்த நாட்டின் அடையாளமாகவே விற்கத் தொடங்கியது. சப்பானின் ஹொக்கைடோ தீவில் யாகுமோ என்னும் ஊரில், 1920-களில், சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கிவந்த ஒரு மரக்கரடியை மாதிரியாக வைத்து, குளிர்காலத்தில் வருமானம் இல்லாத உழவர்களைச் செதுக்க வைத்தார்கள். மாதிரி அயலூரிலிருந்து வந்ததுதான். ஆயினும் கரடி அந்தத் தீவின் காட்டில் வாழும் விலங்கு என்பதால், பிற்காலத்தில் அங்கு வந்த பயணிகள் அதை ஹொக்கைடோவின் பொருளாகவே ஏற்றுக்கொண்டு வாங்கினார்கள்.

இந்த இரண்டையும் சொன்னது நம் மாவட்டத்தை மனத்தில் வைத்துத்தான். கன்னியாகுமரிக் கடற்கரைக்கு ஆண்டு முழுவதும் மக்கள் வருகிறார்கள். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்களின் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. அவர்கள் ரயிலிலும் பேருந்திலும் திரும்புபவர்கள், பையின் ஓரத்தில் அடங்குவதைத்தான் வாங்குவார்கள். ஆனால் கடைகளில் அவர்களுக்குக் கிடைக்கும் மரப்பொருள்களில் பல, வெளியூர்களிலிருந்து மொத்தமாக வாங்கி அடுக்கியவை. சகாரன்பூர்ப் பெட்டியை முக்கடல் கூடும் இடத்தில் விற்பதில் தவறு ஏதும் இல்லை. அதன் பக்கத்தில் நம் மாவட்டத்தின் பொருள் ஒன்றுகூட இல்லாதிருப்பதே எனக்கு வருத்தம் தருகிறது.

நமக்கு மாதிரிப் பஞ்சம் இல்லை. தக்கலைக்கு அருகில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் நுழைவு மண்டபமான பூமுகத்தின் மர விதானத்தில் 90 பூக்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் செதுக்கப்பட்டிருக்கின்றன. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலின் மரச்சிற்பங்களும் அதே மரபைச் சேர்ந்தவை. அந்தப் பூக்களில் ஒன்றைக் கையகலத்தில் செதுக்கி, பின்புறத்தில் எந்த விதானத்துப் பூ என்று எழுதி விற்றால், அரண்மனையை அண்ணாந்து பார்த்து வந்தவர் அதை மறுக்கமாட்டார். அது வழிபாட்டுப் பொருள் அல்லாததால் எல்லாச் சமயத்தாரும் வாங்கலாம். எடையும் மிகக் குறைவு. ஒருவர் ஒரு பூ வாங்கினால் மறுமுறை வேறொரு பூவை வாங்கவும் இடமிருக்கிறது.

கிறித்தவர்கள் மிகுதியாக வாழும் மாவட்டம் நம்முடையது. சிலுவை, மாதா உருவம், கிறித்துமசுக் குடிலுக்கான உருவங்கள் ஆகியவற்றுக்கு இங்கே நிலையான தேவை உண்டு. ஆலயங்களுக்கு வேண்டிய பீடங்களும் கதவுகளும் ஒரு தச்சருக்குப் பல மாத வேலை தரக்கூடியவை. இவற்றுக்கும் மேலாக, நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றி, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் உயிர்நீத்த தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். விலங்கிட்ட கைகளோடு செபிக்கும் அவருடைய உருவத்தை நம் தச்சர்கள் மரத்தில் செதுக்கினால், அதை இந்த மண்ணின் பொருள் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருப்பதுபோல் வேறு யாருக்கும் இல்லை. வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் வாழும் குமரிக் குடும்பங்கள் ஊருக்கு வந்து திரும்பும்போது எடுத்துச் செல்லத் தக்க அளவில் அது இருக்க வேண்டும்.

மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறு வேலைகளுக்குக் குமிழ், பலா, அயினி, பூவரசு ஆகியவை போதும். விலையுயர்ந்த ஈட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பருவமழையும் பெய்யும் கடலோர மாவட்டத்தில் காற்றில் மட்டும் உலர்த்திய மரத்தில் ஏறத்தாழ 15 சதவீத ஈரம் தங்கிவிடும். குளிர்நாடுகளில் சூடேற்றப்பட்ட அறைகளில் மரத்தின் ஈரம் 8 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுவதால், இங்கே வழவழப்பாக இருந்த உருவம் அங்கே போய் வெடிப்புவிடும். ராசசுத்தானம் போன்ற வறண்ட பகுதிகளுக்குச் செல்லும் பொருளுக்கும் இந்த ஆபத்து உண்டு. வெடித்த சிற்பத்தை வாங்கியவர் அதை வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் காட்டுவார். ஆகையால் தொலைவுக்குச் செல்லும் பொருளுக்கான மரத்தை உலர்கலத்தில், அதாவது சூடேற்றி ஈரத்தை வெளியேற்றும் அறையில், உலர்த்திய பிறகே உளி வைக்க வேண்டும். தனியொருவரால் அதற்குச் செலவிட முடியாதென்றால், பக்கத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரே தவணையாக மரத்தை உலர்த்தி வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் பணியைத் தொடங்க விரும்புவோர் நவராத்திரிக்கும் கார்த்திகைக் கூட்டத்துக்கும் வேண்டிய சிறு உருவங்களைக் கோடையிலேயே செதுக்கத் தொடங்கிவிடுவது நல்லது. ஆனி, ஆடி மாதங்களின் சாரலில் மெருகு பூசினால் அது எளிதில் உலராது.

வணக்கம்.