சிப்பை வாங்கும் முன் ஐசி பேஸைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேஜை மேல் இருப்பது பிபிசி மைக்ரோ, மாடல் பி என்ற பழைய கம்ப்யூட்டர். 1981-இல் ஏகார்ன் கம்பெனி கொண்டு வந்தது, 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசசர், 32 கேபி ரேம். 1984-இல் ஆரம்பித்த, பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்றுத்தரும் கிளாஸ் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது இந்த மெஷின்தான், ஐம்பதைத் தாண்டியவர்கள் சிலருக்கு மேல் வரிசையில் இருக்கிற இந்தச் சிவப்பு கீ எல்லாம் ஞாபகம் இருக்கும். இது திருவான்மியூரில் ஒரு வீட்டுப் பரணில் வருஷக்கணக்காகக் கிடந்தது. கடல் காற்று, உப்பு, புழுக்கம், எல்லாவற்றையும் குடித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறது.

பிரச்சினையைக் கேளுங்கள். ஆன் செய்தால் ஒரு தடவை ஒழுங்காக 'பூ... பீப்' என்று இரண்டு சத்தம் வந்து, புரோகிராம் எழுதும் பேசிக் மொழி திரையில் வருகிறது. அடுத்த தடவை திரையில் 'லாங்குவேஜ்?' என்று கேட்டுவிட்டு நிற்கிறது. இன்னொரு தடவை திரையில் ஒன்றுமே இல்லை, 'பூ...' என்று ஒரே சத்தம் நிற்காமல் ஓடுகிறது.

இந்த மெஷினில் எனக்குப் பிடித்ததே இதுதான், என்ன நோவு என்று அதுவே சொல்லிவிடும். கரண்ட் வந்ததும் சவுண்ட் சிப் தன்பாட்டுக்குக் கத்த ஆரம்பிக்கும், பிராசசர் எழுந்து, மெஷினை நடத்துகிற மென்பொருளான ஓஎஸ் இருக்கிற ராம் சிப்பைப் படித்து, சவுண்ட் சிப்பின் வாயை அடைக்க வேண்டும். அடைக்கவில்லை என்றால் பிராசசர், ஓஎஸ் ராம், இவற்றுக்கு நடுவில் எங்கோ தொடர்பு இல்லை. (ராம் என்றால் எழுதியதை மாற்ற முடியாத ஆர்-ஓ-எம், 32 கேபி என்று சொன்னேனே அது வேறு, ஆர்-ஏ-எம், அதை ரேம் என்று எழுதுகிறேன்.) 'லாங்குவேஜ்?' வந்தால் ஓஎஸ் நன்றாக ஓடுகிறது, பேசிக் ராம் மட்டும் அதன் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு ராமின் ஆரம்பத்திலும் ஒரு காப்பிரைட் குறி இருக்கும், ஓஎஸ் அதைத் தேடிப் பார்த்துத்தான் 'இங்கே ஒரு ராம் இருக்கிறது' என்று ஒத்துக்கொள்ளும். 28 காலில் ஒரு கால் தொடாவிட்டால் கூட அந்தக் குறி தப்பாக வாசிக்கப்படலாம், அப்போது நல்ல சிப்பும் இல்லாத சிப்தான்.

இப்போது யோசியுங்கள், செத்த சிப் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உயிர் பெற்று வருமா? அரிதாக, சூடேறினால் மட்டும் மக்கர் செய்கிற சிப் உண்டு. ஆனால் குளிர்ந்த மெஷினிலேயே மாற்றி மாற்றி வந்தால் என் சந்தேகம் முதலில் ஐசி பேஸ் மேல்தான், அதாவது போர்டில் சிப்பைச் சொருகுகிற சாக்கெட். நிறைய பேர் நேராக வெளிநாட்டிலிருந்து சிப் வரவழைக்கிறார்கள், புதுச் சிப்பைக் குத்தியதும் சரியாகிவிடுகிறது, பழைய சிப் குப்பைக்குப் போகிறது. சரியானது சிப் மாற்றியதாலா, குத்தியபோது பேஸின் தகடு உரசிச் சுத்தமானதாலா என்று யாரும் பார்ப்பதில்லை.

பழைய மலிவு பேஸ்களில் பல ஒற்றைத் தகடு வகை, காலின் ஒரு பக்கத்தை மட்டும் தொடும். லூசான பிளக் பாயின்ட்டில் தீக்குச்சி சொருகி ஃபேன் ஓட்டுவோமே, அந்தக் கதைதான். போதாதற்கு, சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சிப் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பும். 1980-இல் ஆப்பிள் 3 வந்தபோது, மெஷினைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சிப் உட்கார்ந்துவிடும் என்று அந்தக் கம்பெனியே சொன்னது. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

மூடியைக் கழற்றிவிட்டு, மின்சாரப் பெட்டிப் பக்கம் கை போகாமல், உலர்ந்த மரக் குச்சியால் ஒவ்வொரு சிப்பையும் லேசாக அழுத்துகிறேன்... பாருங்கள், பேசிக் ராமை அழுத்திக்கொண்டு, மெஷினை மறுபடி தொடங்க வைக்கிற பிரேக் கீயைத் தட்டினால் பேசிக் வருகிறது. இதோடு சந்தோஷப்பட்டு மூடியை மாட்டுகிற ஆட்கள்தான் அதிகம். அழுத்தியது வைத்தியம் இல்லை, நோவு எங்கே என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டர். பீப் மோடில் பார்க்காதீர்கள், பல மீட்டர் பத்து இருபது ஓம் இருந்தாலும் பீப் அடித்துவிடும். ஓம் மோடில் வைத்து, ஒரு முனை சிப்பின் கால் உடம்பிலிருந்து வெளியே வருகிற தோளில், மறு முனை போர்டின் அடியில் அந்தக் காலுக்கான சால்டரில். தோளில் முனையை அமுக்கக் கூடாது, அமுக்கினால் நீங்களே கால் தகட்டில் படும்படி செய்துவிடுவீர்கள், மீட்டர் பொய் சொல்லும். நல்ல தொடர்பு என்றால் ஒயரின் ஓமைக் கழித்து ஏறக்குறைய பூஜ்யம். சிப்பை லேசாக ஆட்டும்போது எண் குதித்தால் அந்தக் கால்தான். இதில் இரண்டு கால் குதிக்கிறது.

சிப்பை எடுக்கும்போது இரண்டு முனையிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். கால் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு கந்தகத்தோடு சேர்ந்து கறுத்தது, கண்ணாடி இழை முனை உள்ள ஃபைபர் பேனாவும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சே போய்விடும். அரித்துப்போன கால் ஒடிந்து கையோடு வரும், எனவே பொறுமை.

சுத்தம் செய்தும் எண் குதிக்கிறது, ஆக பேஸை மாற்ற வேண்டியதுதான். முழுசாகப் பிடுங்க நினைக்காதீர்கள். பிளாஸ்டிக்கை முதலில் கட்டரால் வெட்டி எடுத்துவிட்டு, நிற்கிற கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவுங்கள். வராத இடத்தில் புது ஈயம் கொஞ்சம் வைத்தால் இளகிவிடும். 14-வது கால் கிரவுண்ட், அகலமான செம்பில் போவதால் சூடு அதிகம் கேட்கும், அங்கே இழுத்தால் துளையின் உள் பூச்சும் சேர்ந்து வந்துவிடும்.

புது பேஸுக்குச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருதான். '28 பின் ஐசி பேஸ்' என்று மட்டும் கேட்டால் ஒல்லியானதைக் கொடுத்துவிடலாம், அதில் இரண்டு வரிசைக்கு நடுவே 7.62 மில்லிமீட்டர், நமக்கு வேண்டியது 15.24. ரவுண்ட் பின் வகை பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் ராம் அடிக்கடி கழற்றி மாட்டுகிறவர் என்றால் இரட்டைத் தகடு வகையே என் ஓட்டு, காலைப் படுத்தாது. எல்லா பேஸையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள், மீட்டரில் ஒழுங்காக இருப்பதைத் தொட வேண்டாம், ஒவ்வொரு முறை சூடு காட்டும்போதும் நாற்பது வருஷத்துப் போர்டுக்கு அது ஒரு கண்டம்.

ஓஎஸ் ராம் பேஸ் இன்னும் பாக்கி, அந்த 'பூ...' சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அதைப் பிரிப்பதற்குள் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை பூட்டியிருக்கும், திங்கள்கிழமை போய் வருகிறேன்.