ஒளிரும் மையும் ஒளிராத தாளும்

வணக்கம் நேயர்களே. நம் இலங்கை மலையகத்து அட்டன் கடைவீதியில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால், அது கள்ளத்தாளா என்று அறிய, சில கடைக்காரர்கள் அதைப் புறஊதா விளக்கின் கீழ் பிடித்துப் பார்ப்பார்கள். தாள் ஒளிரக் கூடாது. அதில் உள்ள மை ஒளிர வேண்டும். இதுதான் அவர்கள் தேடுவது.

நாணயத்தாள் பருத்தி இழையால் ஆனது. புறஊதாக் கதிர் பட்டாலும் மங்கலாகவே கிடக்கும். சாதாரண வெள்ளைக் கடதாசியில் வெண்மை கூட்டும் இரசாயனம் இருப்பதால் அது நீலமாகப் பளிச்சிடும். சலவைத்தூளிலும் அதே வகை இரசாயனம் உண்டு. சட்டைப்பையில் மறந்துவிட்ட நல்ல தாள் துணியோடு துவைபட்டால் அதுவும் ஒளிரக்கூடும்! கொழுந்து பறித்துச் சம்பாதித்த காசோடு வரும் அம்மாவைப் பலர் முன்னிலையில் சந்தேகிப்பதற்கு முன், நீரடையாளத்தையும் பாதுகாப்பு இழையையும் தயவுசெய்து பாருங்கள். விளக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

இனி மை. அது புறஊதாக் கதிரை உள்வாங்கி, கொஞ்சம் சக்தியை வெப்பமாக இழந்து, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக வெளிவிடுகிறது. 1852இல் இதை விளக்கிய விஞ்ஞானி ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் ஆராய்ந்தவற்றுள் குயினைன் கரைசலும் ஒன்று. சிங்கோனாப் பட்டையில் கிடைக்கும் மலேரியா மருந்து அது. நமது ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனா வளர்க்கத்தான்.

ஒளிரும் மையைக் கள்ளனும் வாங்கலாம். ஆகவே நிறத்தோடு நேரத்தையும் அளக்கிறார்கள். சாதாரணச் சாயத்தின் ஒளி சில நானோசெக்கன்களில், அதாவது செக்கனின் நூறு கோடியில் சில பங்குகளில், அணைந்துவிடும். யூரோப்பியம் என்ற உலோகம் சேர்ந்த சேர்மங்களின் சிவப்பு ஒளியோ மில்லிசெக்கன், அதாவது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவுக்கு நீடிக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். விளக்கை அணைத்தபின் அளக்கும் இயந்திரத்துக்கு வேறுபாடு தெரியும். இற்றர்பியம், எர்பியம் என்ற உலோகங்கள் சேர்ந்த துகள்கள் இன்னும் வியப்பானவை: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வாங்கிப் பச்சையாக ஒளிர்கின்றன.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. தேயிலையை நீரோடு அழுத்தத்தில் சூடாக்கினால், நீலமாக ஒளிரும் காபன் நுண்புள்ளிகள், அதாவது மிகச் சிறிய காபன் துகள்கள், கிடைக்கின்றன. வேறு நாட்டுத் தூளை இலங்கைத் தேயிலை என்று விற்பவர்களைப் பிடிக்க, தேயிலையிலிருந்தே எடுத்த மையால் பொதிகளில் அடையாளம் இடலாம் என்பது என் ஆசை. ஆனால் இப்புள்ளிகளை எவரும் எளிதில் செய்துவிடலாம். எனவே நேரத்தால் அளக்கக்கூடிய யூரோப்பியம் போன்ற ஒன்றையும் அந்த மையில் சேர்த்தே ஆகவேண்டும்.